முதுகில் வரும் தபால்

கரடித்தலை ஏரி முகாம்
28 மே 1959

வாச்சியா டெய்சி,

அக்கா எழுதுகிறேன். நீ பட்டணத்தில் இருந்தாலும் வணக்கத்தை நம் பாஷையில் வாச்சியா என்றே சொல்வேன். நானும் உன் மச்சானும் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் இருமல் விட்டதா? புறப்படும் முன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி பனியோடு போய்விட்டதாம். நீ மெலிந்திருப்பாய் என்று தானாகவே முடிவு செய்து அழுதாள். ஒரு படம் எடுத்து அனுப்பு, அவள் வாய் அடங்கட்டும்.

இந்தக் கோடையும் சர்வேக்காரர்கள் எங்களையே கூப்பிட்டார்கள். சுமைக்காரர்களில் உன் மச்சான் ஆபேல்தான் முன் ஆள். நானும் சுமக்கிறேன், நம் ஊர்ச் சின்க்ளேரும் சுமக்கிறான். எங்கள் ஏரியில் பாறை அதிகம் என்பதால் விமானம் கீழேரித் தண்ணீரில் இறங்கிச் சாமானைப் போட்டுவிட்டுப் போகிறது. அங்கிருந்து தோணியில் அருவி வரைக்கும். அப்புறம் அருவியைச் சுற்றி நடக்கும் நனைசெருப்புச் சுமைவழி. மாவு, மண்ணெண்ணெய், பூமியில் துளைபோடும் இரும்பு, மேஸ்திரி கில்லிஸின் டைப்ரைட்டர், தபால் பை எல்லாம் முதுகில் ஏறித்தான் இந்தப் பக்கத்துத் தோணிக்கு வர வேண்டும். தபால் பையை உன் மச்சான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஆகவே உன் கடிதம் அவர் முதுகில்தான் வரும். "உன் தங்கச்சி தடியா எழுதினா தண்ணியில போட்டுருவேன், சொல்லி வை" என்கிறார்.

வழி நடுவே பீவர்கள் தங்கள் மர அணையை உயர்த்திவிட்டன. போன வருடம் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இப்போது இடுப்புக்கு வருகிறது. அடியில் பழைய மரக்கட்டைகள், பாசி. முதல் நாளே சின்க்ளேர் வழுக்கி விழுந்தான். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூட்டையைத் தலையால் தாங்கும் நெற்றிவாரைக் கழற்றிவிட்டான். மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் மேலே வந்தார்கள். "குளிச்சு ரொம்ப நாளாச்சு" என்றான். எல்லாரும் சிரித்துச் சிரித்து, அப்புறம்தான் மூட்டையைப் பிடித்தோம்.

முன் ஆள் எங்கே மூட்டையை இறக்குகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் இறக்கி இளைப்பாறுவோம், உனக்குத் தெரியும். இந்த வருடம் இளைப்பாறும் இடங்கள் கொஞ்சம் நெருங்கி இருக்கின்றன. வழக்கமாக இறக்கும் சாய்ந்த பைன் மரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிடுகிறார். "என்ன ஆபேல், பாதை குளிர்காலத்துல வளர்ந்துருச்சா?" என்று சின்க்ளேர் கேட்டான். கருப்பு ஈ அதிகம். அதனால்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாச்சியா.

அக்கா லூயிசா


மான்ட்ரியல்
19 ஜூன் 1959

வாச்சியா அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. நீயும் மச்சானும் ஈக்கடியில் வீங்காமல் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் படம் அனுப்பிவிட்டேன். அதில் கன்னத்தை ஊதிக்கொண்டு நிற்கிறேன்.

இங்கே நர்ஸ் பள்ளிக்கூடத்தில் நான் இன்னும் அதிகம் பேசுவதில்லை. தலைமை நர்ஸ் கேள்வி கேட்டால் பதில் தெரியும், வாய்தான் வராது. போன வாரம் துணி வெளுக்கும் அறைக்கு அழுக்கு மூட்டை கொண்டு போக வேண்டியிருந்தது. தள்ளுவண்டி உடைந்திருந்தது. இரண்டு பெண்கள் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு திணறினார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நீளத் துண்டை நெற்றிவார் மாதிரி கட்டி, நெற்றியில் இல்லை அக்கா, நீ சொல்வது போல முடி ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று மேலே வைத்து, ஒரு மூட்டையின் மேல் இன்னொன்றை ஏற்றிக்கொண்டு குறுகிய அடியாக நடந்தேன். திரும்பினால் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். தலைமை நர்ஸ் மட்டும், "கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்றாள். கழுத்தை நேராக வைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல நினைத்தேன்.

ஆனால் அவள் கேட்டது மனதில் நின்றுவிட்டது. எங்கள் வார்டில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர் இருக்கிறார். கழுத்தெலும்பு உள்ளே நசுங்கி நரம்பை அழுத்துகிறதாம். வலி அதிகம் இல்லை என்கிறார். கையில் கொடுத்த குவளைதான் கீழே விழுகிறது.

போன இலையுதிர் காலத்தில் மச்சான் மோட்டார் எஞ்சினைச் சுமந்துகொண்டு பனி படிந்த பாறையில் விழுந்தார் என்று அம்மா எழுதியிருந்தாள். நீ எழுதவில்லை. ஈ கடித்தால் ஆட்கள் வேகமாகத்தானே நடப்பார்கள் அக்கா? நின்றால்தானே கடிக்கும்?

மச்சானை எனக்கு எழுதச் சொல். கடைசியில் அவர் எப்போதும் வரையும் மூஸ் மான் படம் இல்லாமல் அனுப்பக் கூடாது. வாச்சியா.

டெய்சி


கரடித்தலை ஏரி முகாம்
7 ஜூலை 1959

வாச்சியா டெய்சி,

உன் கடிதம் சுகமாக வந்தது. தாழ்வாரத்தில் நீ மூட்டையோடு நடந்ததைப் படித்துக் காட்டினேன். உன் மச்சான் படுத்துக்கொண்டே சிரித்தார். இங்கே எல்லாரும் நலம். வெள்ளைமீன் நிறையக் கிடைக்கிறது. நேற்று புகை போட்டேன். நீ அங்கே எதை மீன் என்று சாப்பிடுகிறாயோ.

போன இலையுதிர் காலத்தில் விழுந்தது ஒன்றும் பெரிதில்லை. அம்மா எதையும் பெரிதாக்குவாள்.

உனக்கு எழுதச் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அப்படியே போடச் சொன்னார்:

"கொழுந்தியா, டாக்டரம்மா, நீ அழுக்குத்துணி தூக்கின வீரத்த மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷம் உனக்கும் வேலை உண்டு. இந்த வருஷம் மூஸ் எல்லாம் காட்டுக்குள்ள ஓடிருச்சு, அதனால படம் இல்ல. உங்க அக்கா சமையல்ல உப்பு கூடிப்போச்சு, அதுக்கு ஊசி இருந்தா அனுப்பு."

அவ்வளவுதான் அவர் சொன்னது. இவ்வளவு உப்புப் போடுவது அவர்தான், நான் இல்லை.

வாச்சியா.

அக்கா லூயிசா


மான்ட்ரியல்
24 ஜூலை 1959

வாச்சியா அக்கா,

சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வெயில் சுவரிலிருந்து அடிக்கிறது.

நம் இனத்தின் எழுத்தை இங்கே ஒருவராலும் படிக்க முடியாது, உன் முகாமிலும் சின்க்ளேர் அண்ணனைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் நேராகக் கேட்கிறேன். மச்சான் ஏன் தன் கையால் எழுதவில்லை? எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது அடுப்புக்கரியால் மரப்பட்டையில் எழுதி அனுப்பியவர் அவர். காகிதம் இல்லாத இடத்திலும் மூஸ் படம் போட்டவர்.

அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வருகிறதா? கோடாரிப் பிடி கையில் நிற்கிறதா? விரல் மரத்துப்போகிறதா, இரண்டு கையுமா, ஒரு கையா? குவளை விழுகிறதா?

எழுதுவதற்கு மனம் இல்லையென்றால் ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

வாச்சியா.

டெய்சி


கரடித்தலை ஏரி முகாம்
9 ஆகஸ்ட் 1959

வாச்சியா டெய்சி,

நீ சுகமாக இருப்பது மகிழ்ச்சி. நாங்களும் அப்படியே. நீலப்பழம் பழுத்துவிட்டது. கரடி ஒன்று எங்களுக்கு முன்னாலேயே போய்ப் பொறுக்குகிறது. சின்க்ளேர் அதற்கு "மேஸ்திரி" என்று பெயர் வைத்திருக்கிறான். கில்லிஸுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அவர் திரும்பிப் பார்க்கிறார், நாங்கள் வேறு பக்கம் பார்க்கிறோம்.

வேலை நிறைய. விமானம் வாரம் தவறாமல் வருகிறது. துளைபோடும் இரும்பு இப்போது இன்னும் கனமாக வருகிறது. கில்லிஸ் நல்ல மனிதர்தான். ஆனால் சுமக்க முடியாதவனைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார். ஜூன் மாதம் கணுக்கால் பிசகியவனை அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிட்டார். இந்த வேலை முடிந்தால்தான் எங்கள் குளிர்காலத்துக்கு மாவும் தேயிலையும் தோட்டாவும். வேட்டைக்காடு தூரம் என்பது உனக்குத் தெரியும். அரைகுறைச் சாமானோடு அங்கே போகக் கூடாது. போனவர்களையும் உனக்குத் தெரியும்.

உன் மச்சான் சட்டையில் பொத்தானை எல்லாம் எடுத்துவிட்டுக் கயிறு வைத்துத் தைத்தேன். ஈ புகாமல் இறுக்கக் கட்ட வசதியாக இருக்கிறது. தேநீரைக் கிண்ணத்தில் குடிக்கிறார், சீக்கிரம் ஆறுகிறதாம். நான் இப்போது அவருக்கு அடுத்தாற்போல் பின்னாலேயே நடக்கிறேன். சின்க்ளேர் அதற்கும் ஒன்று சொல்கிறான்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கப்புறம் இப்பத்தான் பிரியம் வந்துருக்கு."

அவர் நெற்றிவாரில் சின்ன மாற்றம் ஒன்று செய்தோம். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு எழுது. வாச்சியா.

அக்கா லூயிசா


மான்ட்ரியல்
20 ஆகஸ்ட் 1959

அக்கா,

வாச்சியா. நான் நலம். இன்று நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

என்ன மாற்றம்?

நானும் யோசித்துப் பார்த்தேன். தலையில் வாரை வைத்தால் இரண்டு கையும் காதுப் பக்கம் வாரைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மேடேறும்போது வார் பின்னால் நழுவும், மூட்டை பக்கவாட்டில் இழுத்துக் கழுத்தை முறிக்கும். கை பிடிக்க முடியாத ஒருவர் அதை எப்படி நிறுத்துவார்? எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. அதை எழுதக்கூடப் பயமாக இருக்கிறது.

நான் சின்னப் பெண்ணாக, தேயிலைப் பொட்டலமும் கெட்டிலும் மட்டும் சுமந்தபோதே அம்மா தண்ணீருக்கு முன்னால் என்னை நிறுத்துவாள். "வாரத் தள்ளு" என்பாள். உச்சந்தலைக்குத் தள்ளிவிட்டு, சும்மா வைத்த தொப்பி மாதிரி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் காலை வைக்க விடுவாள். விழுந்தால் வார் தானாகக் கழன்றுவிட வேண்டும், கெட்டிலுக்கே அப்படி.

கட்டியிருக்கிறாயா அக்கா?

டெய்சி


கரடித்தலை ஏரி முகாம்
31 ஆகஸ்ட் 1959

வாச்சியா டெய்சி,

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். உன் கடிதம் வந்தபோது பையை இறக்கிவிட்டு, "உன் தங்கச்சி லெட்டர் இந்தத் தடவ மெலிஞ்சிருக்கு, ஆனா கனமா இருக்கு" என்று உன் மச்சான் சொன்னார். படித்துக் காட்டச் சொன்னார். நீலப்பழம் பதப்படுத்துவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் என்று சொன்னேன்.

ஆம்.

வாரின் இரண்டு பக்கத்தையும் தாடைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, ஒரு தோல்நாடாவால் இணைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். முன்னால் வளையம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து தலையை அதற்குள் நுழைத்துக்கொண்டு எழுந்தால் போதும், கை தேவையில்லை. வார் அசையாது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூட்டையைக் கட்டுவது சின்க்ளேர். மூட்டையை யார் கட்டினாலும் அவமானம் இல்லை. ஆனால் வாரை ஒரு ஆணுக்கு இன்னொருவர் கட்டிவிடுவது உனக்குத் தெரியாததா? சறுக்குவண்டி இழுக்கும் நாய்க்குத்தான் அப்படிக் கட்டுவோம். முதல் நாள் நான் கட்டியபோது அவர், "குரைக்கவா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் காலரைத் தூக்கிவிடச் சொன்னார்.

விரலில் உணர்வு ஜூன் மாதமே குறைந்துவிட்டது. இப்போது இடது கையில் முழங்கை வரை உணர்வு இல்லை. காலுக்கு ஒன்றுமில்லை. கால் இருக்கிற வரைக்கும் சுமப்பேன் என்கிறார்.

நீ பயப்பட வேண்டாம். அதற்காகத்தான் நான் பின்னாலேயே நடக்கிறேன். தண்ணீருக்கு முன்னால் ஒரு இடத்தில் அவர் இறக்குகிறார். மற்றவர்கள் வருவதற்குள் முடிச்சை அவிழ்க்கிறேன். தண்ணீரில் வாரின் ஒரு பக்கத்தை நான் என் கையால் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் கரையில் மறுபடி கட்டுகிறேன். ஒரு தடவையும் தவறவில்லை.

இலை உதிர்ந்து, ஐஸ் பிடிக்கும் வரைக்கும்தான். அப்புறம் உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் வருவோம். அவரே சொன்னார்.

உனக்கு இங்கிலீஷ் தெரியும். கில்லிஸுக்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று நீ நினைப்பாய். நினைக்காதே. எழுதினால் எனக்குத் தங்கை இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

வாச்சியா.

லூயிசா


கரடித்தலை ஏரி முகாம்
8 செப்டம்பர் 1959

வாச்சியா டெய்சி,

உன் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். சுகம்தானே?

சமையல்காரருக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கி விமானத்தில் போய்விட்டார். கில்லிஸ் என்னைச் சமையல் கூடாரத்தில் போட்டுவிட்டார். "சுமக்க ஆளு கிடைக்கும், ரொட்டி சுட ஆளு கிடைக்காது" என்று சின்க்ளேரை வைத்துச் சொல்லச் சொன்னார். எனக்கு நல்ல வேலைதான். முதுகு நனையாது.

ஒரு வாரமாக மழை. பீவர் அணைக்கு மேலே தண்ணீர் வழிகிறதாம். விலா எலும்பு வரைக்கும் வருகிறது என்று சின்க்ளேர் சொன்னான். தோல் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. ஊறிய தோல்நாடாவில் போட்ட முடிச்சு எப்படி இறுகும் என்று உனக்குத் தெரியும். காலையில் இறுக்கியதை மாலையில் அவிழ்க்க எலும்பு ஊசி தேவைப்படுகிறது.

அம்மாவுக்கு என்னிடமிருந்து வாச்சியா சொல். குளிர்காலத் துணி எல்லாம் எடுத்து உலர்த்தச் சொல்.

லூயிசா


மான்ட்ரியல்
19 செப்டம்பர் 1959

வாச்சியா அக்கா,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இதைச் சும்மா எழுதவில்லை.

நீ எட்டாம் தேதி எழுதிய கடிதத்தை நின்றபடியே படித்தேன். நீ சமையல் கூடாரத்தில் இருந்தால் தண்ணீருக்கு முன்னால் முடிச்சை யார் அவிழ்க்கிறார்கள் என்று அதில் தேடினேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

இந்தப் பொட்டலத்தில் ஒரு மரத்துண்டு இருக்கிறது. நாய்ச்சேணத்தில் வாரை மாட்டுவோமே, அந்த மாதிரி. உடைந்த ஊன்றுகோல் ஒன்றை இங்கே குப்பையில் போட்டிருந்தார்கள், அதில் செதுக்கினேன். சாப்பாட்டுக் கத்திதான் கிடைத்தது, அதனால் மேல்பக்கம் கரடுமுரடாக இருக்கும். முடிச்சே போடாதே. நாடாவின் இரண்டு நுனியிலும் வளையம் வைத்து, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, இந்தத் துண்டைக் குறுக்கே செருகு. துண்டின் தலையில் கட்டியிருக்கும் கயிற்றை மச்சான் பல்லில் கவ்விக்கொண்டு நடக்கட்டும். விழுந்தால் தலையை ஒரு பக்கம் வெட்டித் திருப்பினால் போதும். துண்டு வெளியே வரும், வார் போய்விடும். கட்டில் காலில் தலையணை மூட்டையைக் கட்டி நான் செய்து பார்த்தேன். என் அறைத்தோழி என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள். பிறகு அவளும் வாயில் கவ்வி இழுத்துப் பார்த்தாள்.

வாயில் கயிறு இருந்தால் சின்க்ளேர் அண்ணன் கேலி செய்வார். செய்யட்டும்.

இதே தபாலில் இன்னொரு உறையும் வருகிறது. அது உனக்கு இல்லை. அதில் இங்கிலீஷில் நாலு வரி. இரண்டு நாள் அதைத் தபால்பெட்டியில் போடாமல் வைத்திருந்தேன். வகுப்பில் கையைத் தூக்கக்கூட எனக்குத் தைரியம் வராது என்று உனக்குத் தெரியும். இதைப் போட்டுவிட்டேன். நீ சொன்னது நினைவிருக்கிறது. தங்கை இல்லை என்று வைத்துக்கொள். மச்சான் இருக்கட்டும்.

வாச்சியா.

டெய்சி


கரடித்தலை ஏரி முகாம்
1 அக்டோபர் 1959

டெய்சி,

சின்க்ளேர் எழுதுறேன். நீ நல்லா இருக்கணும். லூயிசா உடம்புக்கு ஒண்ணுமில்ல, ஆனா இப்ப அவளால எழுத முடியாது. நான் எழுதுறேன்னு சொன்னேன்.

ஆபேல் போயிட்டான். செவ்வாய்க்கிழமை, நனைசெருப்புல, தண்ணியில.

விமானம் வந்த நாள். மாவு மூட்டை, அதுமேல ஆணிப் பெட்டி, அதுமேல தபால் பை. அவன் முன்னால, நான் பின்னால. அணைக்கு நடுவுல அவன் கால் வழுக்கிச்சு. மூட்டையோட உள்ள போனான். நான் கரையிலயே நின்னேன் டெய்சி. சிரிச்சுக்கிட்டு நின்னேன். மே மாசம் என்னை அவன் எப்படிக் கேலி பண்ணினான், இன்னிக்கு நான் என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். மூட்டை ஒரு பக்கம் வரும், ஆள் ஒரு பக்கம் வருவான். எப்பவும் அப்படித்தானே. யாரும் தண்ணியில குதிக்கிறதில்ல, நம்ம ஆளு யாரும் மூட்டையோட முங்கினதா நான் கேட்டதே இல்ல.

மூட்டையோட முதுகு மட்டும் தெரிஞ்சுது. தனியா வரல. அப்புறம்தான் என் மூட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஓடினேன். அடியில கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டியிருந்துச்சு. நான் வாரத் தலையிலேருந்து தள்ளிப் பாத்தேன், போகல. ஏன் போகலன்னு அப்ப எனக்குத் தெரியாது. கரைக்கு இழுத்த பிறகுதான் காலருக்குள்ள பாத்தேன்.

எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நான் கேலி பண்ணியிருப்பேன்னு நெனச்சிருப்பாங்க. பண்ணியிருப்பேன். பண்ணிட்டு, கூடவே நடந்திருப்பேன்.

அவனை மேட்டுல, பைன் மரத்துக்குக் கிட்ட வெச்சிருக்கோம். உங்க அம்மாவுக்கு நீ சொல்லு.

சின்க்ளேர்


கரடித்தலை ஏரி முகாம்
14 அக்டோபர் 1959

வாச்சியா டெய்சி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன். கரையோரம் காலையில் கண்ணாடி மாதிரி ஐஸ் வருகிறது, மதியத்துக்குள் போய்விடுகிறது.

தபால் பையைச் சமையல் கூடாரத்தில் உலர்த்தினோம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எல்லாருடைய கடிதத்தையும் தொங்கவிட்டேன். அப்படித்தான் உன் பொட்டலம் எனக்கு வந்தது. அந்த மரத்துண்டை என் வாரில் பொருத்திப் பார்த்தேன். கயிற்றைப் பல்லில் கவ்வி, தலையை ஒரு பக்கம் திருப்பினேன். உடனே வந்துவிட்டது. நன்றாகச் செய்திருக்கிறாய்.

கில்லிஸின் உறையும் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மை கலைந்திருந்தாலும் படிக்க முடிந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. சின்க்ளேரைக் கூப்பிட்டு, "இது எந்தப் பையில வந்துச்சுன்னு இவங்ககிட்ட கேளு" என்றார். நான் பையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார்.

நான் எழுதாதே என்றேன். நீ எழுதினாய். அதைப் பற்றி எனக்கு இப்போது சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு இருக்கலாம்.

அந்த முடிச்சை நான் போட்டது செவ்வாய்க்கிழமை காலையில், ரொட்டி அடுப்பில் இருக்கும்போது. மாவுக் கையோடு. அவர், "அங்க நான் பாத்துக்கறேன்" என்றார். தினமும் அதைத்தான் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

நம் வழக்கப்படி சாய்ந்த பைன் மரத்தில் அவர் வாரைத் தொங்கவிட வேண்டும். முடிச்சோடு தொங்கவிட என்னால் முடியவில்லை. தோல் காய்ந்து கல்லாகியிருந்தது. கில்லிஸ் கத்தியை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியாலும் பல்லாலும் அவிழ்த்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. சின்க்ளேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இப்போது அது மரத்தில் நேராகத் தொங்குகிறது.

முகாமைக் கலைக்கிறார்கள். எல்லாச் சாமானும் திரும்பப் போக வேண்டும். ஆள் போதவில்லை. சமையலை விட்டுவிட்டு நானே முன்னால் நடக்கிறேன். சாய்ந்த பைன் மரத்தில்தான் இறக்குகிறேன், அதற்கு முன்னால் இல்லை. தண்ணீர் வந்ததும் நின்று வாரை உச்சந்தலைக்குத் தள்ளி, விரலால் தொட்டுப் பார்க்கிறேன். எனக்குப் பின்னால் சின்க்ளேரும் தொடுகிறான். அப்புறம் காலை வைக்கிறோம்.

ஐஸ் பிடிப்பதற்குள் இன்னும் ஒரு விமானம் வருமாம். தபால் பையை யாரிடமும் நான் கொடுப்பதில்லை. எழுது.

வாச்சியா.

அக்கா லூயிசா